பூட்டிக்கொண்ட தாடை

உச்சிமாகாளி என்ற மனிதனின் தலைக்குள் ஒரு சமயம் பெரிய வழக்கு ஒன்று நடந்தது.

அந்தத் தலையை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். மாடியில் மூளை இருந்தது. எல்லா உத்தரவும் அங்கிருந்துதான் வரும். முன்பக்க ஜன்னல்களில் இரண்டு கண்கள். பக்கத்துக்கு ஒன்றாகக் காதுகள். எல்லோருக்கும் கீழே, வீட்டோடு சேர்த்துக் கட்டப்படாமல், இரண்டு கீல்களில் தொங்கிக்கொண்டிருந்தது கீழ்த்தாடை. அந்த வீட்டில் ஓயாமல் ஏறி இறங்கி உழைக்கிற எலும்பு அது ஒன்றுதான். உழைக்கிறவனை யார் மாடிக்குக் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள்? அதையும் யாரும் கூப்பிட்டதில்லை.

உச்சிமாகாளி திருநெல்வேலிப் பக்கத்தில் கோயில் கொடைத் திருவிழாக்களுக்குச் சீரியல் செட் கட்டுகிறவன். உயரமாக மூங்கில் சாரம் எழுப்பி, அதன்மேல் சின்னச் சின்ன விளக்குகளால் அம்மனையும் மயிலையும் சூலத்தையும் உண்டாக்குவான். இருட்டியதும் சுவிட்சைப் போட்டால், ஊருக்கு வெளியே பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் அம்மன் தெரிவாள்.

சாரத்தின் மேல் நிற்கிறவனுக்கு ஒரு கை மூங்கிலைப் பிடிக்க வேண்டும். இன்னொரு கையில் வயர் இருக்கும். வயரின் மேல்தோலை உரிக்க மூன்றாவது கை வேண்டும். அது யாருக்கும் கிடையாது. அதனால் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் வாயையே கையாக்கிக்கொண்டார்கள். வயரை வலது கடைவாயில் வைத்து ஒரு கடி, ஒரு இழுப்பு. தோல் வாயோடு வரும், செம்பு வெளியே தெரியும். துப்பிவிட்டு அடுத்த வயர்.

"இடுப்பில்தான் கட்டிங் பிளேயர் தொங்குகிறதே" என்று தாடை ஒருமுறை வலது கையிடம் கேட்டது.

"அதை எடுக்க வேண்டுமென்றால் நான் வயரை விட வேண்டும். விட்டால் கீழே போய்விடும். நீ சும்மாதானே இருக்கிறாய்?" என்றது கை.

"சும்மாவா? காலையில் இட்லியை மென்றது யார்?"

"இட்லியை மெல்லுவதற்கு ஒரு ஆள் வேறு வேண்டுமாக்கும்!" என்று கை சிரித்துவிட்டு, அடுத்த வயரை வாய்க்குள் திணித்தது.

ஒரு சித்திரைக் கொடையின்போது வந்த வயர் வழக்கத்தைவிடத் தடிப்பு. தாடை தன் பலத்தையெல்லாம் கூட்டி ஏறிவந்து கடித்தது. மேல்வரிசையில், வலது பக்கத்துக் கடைவாய்ப்பல்லில் மயிரிழைபோல ஒரு கீறல் விழுந்தது.

"என்ன அண்ணே, என்னமோ சத்தம் கேட்டதே?" என்றது தாடை.

"ஒன்றுமில்லை. நீ வேலையைப் பார்" என்றது பல். அது வீம்பு பிடித்த பல்.

கீறல் வழியாக முதலில் குளிர்ந்த தண்ணீர் போனது. பிறகு சூடான தேநீர் போனது. பிறகு சோற்றின் கசடு போய் அங்கேயே குடியிருந்தது. ஒரு நாள், தாடை முறுக்கு ஒன்றைக் கடிக்க ஏறிவந்தபோது, பல்லின் வீம்பு உடைந்துவிட்டது.

"தம்பி, என்மேல் மோதாதே. நீ ஏறிவரும்போதெல்லாம் உயிர் போகிறது."

தாடைக்கு இரக்கமாக இருந்தது. "சரி அண்ணே. இனிமேல் நான் ஒதுங்கி வருகிறேன். இடது பக்கமாகவே மென்று சமாளித்துக்கொள்கிறேன்."

அன்றிலிருந்து தாடை நேராக ஏறுவதை விட்டுவிட்டது. நூலளவு இடது பக்கம் ஒதுங்கி ஏறும், ஒதுங்கி இறங்கும். நூலளவுதான். ஆனால் வீட்டுக் கதவு கீலில் நூலளவு சரிந்தால் என்ன ஆகும் என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்.

வலது கீல் காதுக்குச் சற்று முன்னால், காதின் சுவரை ஒட்டி இருந்தது. தாடை திறக்கும்போதெல்லாம் அது 'டக்' என்றது. கன்னத்துத் தசைக்கு எந்நேரமும் ஒரே பயம். தாடை தவறிப்போய் அந்தப் பல்லில் இடித்துவிடுமோ என்று, உச்சிமாகாளி தூங்கும்போதும் அது தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. பிடித்துப் பிடித்து அலுத்தபோது நெற்றிப்பொட்டுத் தசையைத் துணைக்குக் கூப்பிட்டது. நெற்றிப்பொட்டு கழுத்தைக் கூப்பிட்டது. கழுத்து தோளைக் கூப்பிட்டது. வந்தவர்கள் எல்லோரும் இறுக்கிப் பிடித்தார்கள். எதற்காகப் பிடிக்கிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

முகம் முழுவதற்கும் தூதன் ஒருவன்தான். முக்கிளை நரம்பு என்று பெயர். அவனுக்கு மூன்று தெருக்கள். நெற்றித் தெரு, மேல்தாடைத் தெரு, கீழ்த்தாடைத் தெரு. மூன்றிலும் கிடைக்கிற செய்திகளை ஒரே பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடுவான்.

"வலி ஐயா, வலி!" என்று ஒரு நாள் போய் நின்றான்.

"எந்தத் தெருவில்?" என்று கேட்டது மூளை.

"பையில் எல்லாம் கலந்துவிட்டது ஐயா. வலது பக்கம் என்பது மட்டும் தெரிகிறது."

"வலது பக்கமா? அப்படியானால் காதாகத்தான் இருக்கும்" என்றது மூளை. அதற்கு அடுத்த கேள்வி கேட்கும் பழக்கம் இல்லை.

உச்சிமாகாளி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். அவன் மனைவி சண்முகக்கனி நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்தாள்.

"தலையச் சாயுங்க. ஆடாதிய."

"ஏ, சுடுதுடீ!"

"சுட்டாத்தான் கேக்கும். சின்னப் புள்ள மாதிரி நெளியாதிய."

காதுக்குள் எண்ணெய் இறங்கியது. "நான் என்ன தப்புச் செய்தேன்? என் சுவரில் யாரோ இடிக்கிறார்கள் என்று சொன்னதற்கா எனக்குத் தண்டனை?" என்று காது கத்தியது. அதன் சத்தம் உச்சிமாகாளிக்கு விசில் ஊதுவதுபோலக் கேட்டது. காதில் இரைச்சல் என்று சண்முகக்கனியிடம் சொன்னான். இன்னும் இரண்டு சொட்டு விட்டாள்.

அடுத்து வலி நெற்றிக்கு ஏறியது. "கண்ணாகத்தான் இருக்கும்" என்றது மூளை. கண்ணுக்குப் புதுக் கண்ணாடி வந்தது. பிறகு கழுத்து. தைலம் தேய்த்துத் தேய்த்துக் கழுத்தின் தோல் சிவந்துபோனது. வீட்டில் ஒவ்வொருவராகத் தண்டனை வாங்கினார்கள். உடைந்த பல்லுக்கு மட்டும் எப்போதாவது ஒரு கிராம்பு கிடைத்தது. அதன் வேரில் சீழ் கட்டத் தொடங்கியிருந்தது.

அதற்குப் பிறகுதான் கிறுகிறுப்பு வந்தது.

ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஏணிமேல் நின்று உச்சிமாகாளி பூச்சரம்போல விளக்குகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். சட்டென்று மண்டபம் ஒரு பக்கம் சாய்ந்தது. கை ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. கீழே நின்றவன் தளவாய். சண்முகக்கனியின் தம்பி. உச்சிமாகாளி மேலே ஏறினால், இடுப்பில் கட்டிய கயிற்றைக் கீழே நின்று பிடிப்பவன் அவன்தான்.

"என்னத்தான், மேல உறக்கமா?"

"ஒண்ணுமில்ல மாப்ள. ஒரு கிறக்கம்."

"கிறக்கமா? ராத்திரி எங்கயும் போயிட்டு வந்தியளா?"

"போகல. வாயப் பொத்து."

"நான் பொத்திக்கிடுதேன். நீங்க மொதல்ல எறங்குங்க."

உச்சிமாகாளி இறங்கிவிட்டான். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் கொடை. அந்த வட்டாரத்திலேயே உயரமான சாரம் அங்கேதான். உச்சியில் நின்று அம்மனின் கிரீடத்தைக் கட்ட வேண்டும். ஏணியிலிருந்து விழுந்தால் கை உடையும். அந்த உயரத்திலிருந்து விழுந்தால் பொறுக்க ஒன்றும் மிஞ்சாது.

தலைக்குள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. மூளை வழக்கை எடுத்தது.

"இந்த வீட்டைக் கெடுப்பது யார்? உண்மையைச் சொல்லுங்கள்."

"நான் இல்லை" என்றது காது. "என்னைப் பூண்டு போட்டுத் தாளித்தும் ஆகிவிட்டது. இனி உப்புப் போட்டு இறக்க வேண்டியதுதான் பாக்கி."

"நானும் இல்லை. புதுக் கண்ணாடி போட்டும் வலி அப்படியேதான் இருக்கிறது" என்றது கண்.

"எங்களைச் சொல்லாதீர்கள்" என்று கால்கள் வெகு தூரத்திலிருந்து செய்தி அனுப்பின. "நாங்கள் நேராகத்தான் நிற்கிறோம். பூமிதான் சாய்கிறது. வெள்ளிக்கிழமை எங்களை நம்பாதீர்கள்."

கழுத்தால் திரும்பிப் பார்க்கக்கூட முடியவில்லை.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "ஐயா, நான் பேசலாமா?"

"யார் அது?"

"தாடை."

மூளைக்குச் சிரிப்பு வந்தது. "திற என்றால் திறக்க வேண்டும், மூடு என்றால் மூட வேண்டும். அதுதான் உன் வேலை. பேசுவதற்கு நாக்கு இருக்கிறது."

"ஆமாம், பேச்சு என் இலாகா" என்று நாக்கு முன்னால் வந்தது.

"நான் திறக்காவிட்டால் நீ எங்கே போய்ப் பேசுவாய்?" என்று தாடை கேட்டது. நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது.

தாடை சொல்லத் தொடங்கியது. அதற்கு அலங்காரமாகப் பேசத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொன்னது. "வயரைக் கடிக்கச் சொன்னீர்கள். பல் உடைந்தது. அதற்கு வலிக்கக் கூடாது என்று நான் ஒதுங்கினேன். நான் ஒதுங்கியதால் கீல் சரிந்தது. கீல் சரிந்ததால் காதின் சுவர் இடிபடுகிறது. என்னைப் பிடித்து நிறுத்தப்போய்க் கன்னமும் நெற்றியும் கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கின்றன. தலை நேராக நிற்பதில்லை, தூக்கமும் இல்லை. பிறகு கால் எப்படி நிற்கும்? பல்லின் அடியில் சீழ் இருக்கிறது. அதைப் பாருங்கள். காதை விட்டுவிடுங்கள்."

"அப்படிச் சொல்லு!" என்றது காது.

மூளை கொஞ்ச நேரம் யோசித்தது. "பல்லைப் பார்ப்பது என்றால்?"

"சரி செய்ய முடிந்தால் சரி செய்வார்கள். முடியாவிட்டால் எடுத்துவிடுவார்கள்."

கண் அலறியது. "எடுப்பதா! மேல்வரிசைப் பல்லையா! மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று ஊரெல்லாம் சொல்கிறதே, அது உன் கீலுக்குக் கேட்கவில்லையா?"

ஊர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. உச்சிமாகாளி பிறந்ததிலிருந்தே அதைக் கேட்டவன். தேநீர்க் கடையில் சொன்னார்கள், முடிவெட்டும் கடையில் சொன்னார்கள். பல் போனால் சொல் போகும் என்பதை அவன் பொருட்படுத்தவில்லை. சொல்லை வைத்து அவன் பிழைக்கவில்லை. கண் போனால் என்ன செய்வான்? விளக்குக் கட்டுகிறவன் வெளிச்சத்தைப் பார்க்காமல் எப்படி வாழ்வான்?

மூளை தீர்ப்புச் சொன்னது. "கண் இந்த வீட்டின் சோறு. பல்லை யாரும் தொடக் கூடாது. எல்லோருக்கும் வலி மாத்திரை உண்டு. வெள்ளிக்கிழமை சாரம் ஏறுகிறோம்."

"விழுவோம்" என்றது தாடை.

"ஏறுகிறோம் என்றேன்."

"அப்படியானால் வெள்ளிக்கிழமை நான் வரவில்லை."

"வரவில்லையா! இரண்டு கீலில் தொங்குகிறவன் நீ. எங்கே போய்விடுவாய்?"

"எங்கும் போகமாட்டேன்" என்றது தாடை. "இருக்கிற இடத்திலேயே இருப்பேன்."

வெள்ளிக்கிழமை பொழுது விடியும்போது தாடை கன்னத்துத் தசையைக் கூப்பிட்டது. "இத்தனை நாளும் பயந்து பயந்து பிடித்தாயே. இன்றைக்கு ஒரு நாள் துணிந்து பிடி."

"எவ்வளவு நேரம்?"

"நான் விடச் சொல்லும் வரைக்கும்."

சண்முகக்கனி இட்லித் தட்டோடு வந்தாள். உச்சிமாகாளி ஒரு விள்ளலைச் சட்னியில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோனான். விள்ளல் உதட்டில் மோதி நின்றது.

"என்ன, சட்னி சரியில்லையா?"

அவன் தலையை ஆட்டினான். மறுபடியும் முயன்றான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று விடவில்லை. நடுவே சுண்டுவிரல் நுனிகூடப் போகவில்லை.

"வாய் தொறக்கலையா? ஐயோ, முகத்த இப்படித் திருப்புங்க பாப்பம். கையத் தூக்குங்க. இந்தக் கை? இதும் வருதுல்லா? அப்ப வாதமில்ல." அவள் பயந்திருந்தாலும் நிதானமாகத்தான் இருந்தாள். "வாங்க, டாக்டர்ட்டப் போவோம்."

"கொட... முடிச்சிட்டு" என்று பல்லிடுக்கில் முனகிவிட்டு அவன் சைக்கிளை எடுத்தான்.

மாடியில் மூளை கூத்தாடியது. "திற! உத்தரவு! திற!"

தாடை பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டுமென்றால் அது திறக்க வேண்டும்.

கோயிலில் சாரம் தயாராக நின்றது. மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். குழாய் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. உச்சிமாகாளி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மூங்கிலில் கால் வைத்தான்.

"சத்தங் குடுங்கத்தான்" என்றான் தளவாய்.

அந்தத் தொழிலில் அது ஒரு வழக்கம். ஏறுவதற்கு முன் மேலே போகிறவன் கீழே கயிறு பிடிப்பவனுக்குச் சத்தம் கொடுக்க வேண்டும். மேலே போனபிறகு கண் ஜாடை தெரியாது. 'இழு' என்றால் இழுக்க வேண்டும், 'விடு' என்றால் விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு உயிர்.

"ம்ம்" என்றான் உச்சிமாகாளி.

"கேக்கல."

"ம்ம்ம்!"

"என்னத்தான், மாடு மாதிரி கத்துதிய? வாயத் தொறந்து சொல்லுங்க."

உச்சிமாகாளி வாயைச் சுட்டிக் காட்டினான். கையை வீசினான். 'அதெல்லாம் பரவாயில்லை, கயிற்றை எடு' என்று ஜாடை செய்தான். தளவாய் அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். வலது கன்னம் வீங்கியிருந்தது. நெற்றிப்பொட்டில் நரம்பு புடைத்திருந்தது. தளவாய் கயிற்றைச் சுருட்டித் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"எந்திலே!" பல்லிடுக்கில் அந்த வார்த்தை சீறிக்கொண்டு வந்தது.

"எந்திரிக்க மாட்டேன். மேளஞ் சத்தத்துல நீங்க மேலருந்து 'ம்ம்'னா, அது இழுவா விடுவான்னு நான் யார்ட்டப் போயிக் கேக்க? எங்கக்கா தாலி இந்தக் கயித்துலல்லா தொங்குது."

உச்சிமாகாளி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். தளவாய் அசையவில்லை.

"அடிச்சாலும் சரி. சத்தங் குடுக்காதவன மேல ஏத்தப்படாது. நீங்க சொல்லிக்குடுத்த தொழில்தான்."

அதற்குள் சண்முகக்கனி ஆட்டோவோடு வந்து சேர்ந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் புருஷன் கையைப் பிடித்து உள்ளே ஏற்றினாள்.

பல் டாக்டர் ரெஜினாவின் அறையில் கூட்டம் இல்லை. அவர் உச்சிமாகாளியின் இரண்டு காதுகளுக்கும் முன்னால் விரல்களை வைத்து மெதுவாக அழுத்தினார்.

"இங்கயா?"

உச்சிமாகாளியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையை ஆட்டினான்.

"எந்தப் பக்கம் மெல்லுவீங்க?"

இடது பக்கத்தைக் காட்டினான்.

"ஏன், வலது பக்கத்துக்கு என்ன?"

அந்தக் கேள்வி தாடையை எட்டியது. காது அதை மாடிக்கு அனுப்புவதற்கு முன்பே, தாடைக்குக் கேட்டுவிட்டது. எத்தனையோ பேர் அந்த முகத்தைத் திருப்பிப் பார்த்திருந்தார்கள். அதுவரை இப்படி ஒருவர் கேட்டதில்லை.

"இவள் கேட்கிறாள்" என்று தாடை கன்னத்துத் தசையிடம் சொன்னது. "கொஞ்சம் விடு. கொஞ்சம் மட்டும்."

சின்னக் கண்ணாடி ஒன்று நுழைகிற அளவுக்கு வாய் திறந்தது. டாக்டர் விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தார். படம் எடுத்தும் பார்த்தார். "எதக் கடிச்சீங்க? கீறல் வேர் வரைக்கும் போயிருக்கு. உள்ள சீழ் வச்சிருக்கு. இந்தப் பல்லு இனி நிக்காதும்மா, எடுத்துரணும்" என்று சண்முகக்கனியிடம் சொன்னார்.

உச்சிமாகாளி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"மேப்பல்லுல்லாம்மா?" என்றாள் சண்முகக்கனி. "கண்ணு போயிரும்னு சொல்லுதாவளே."

"யாரு சொல்லுதா?"

"எல்லாருந்தான்."

"நான் எடுத்த மேல்பல்லுக்கு, இந்த ஊருல பாதிப் பேரு தடவிக்கிட்டுல்லா போகணும்? கண்ணு பாக்குற நரம்பு வேற. பல்லு வலிக்கிற நரம்பு வேற. ஆனா இந்தச் சீழ அப்படியே விட்டா அது மேல ஏறலாம். ஏறுச்சுன்னா கண்ணுக்கும் ஆபத்து, மூளைக்கும் ஆபத்து. பல்ல எடுக்கதுக்குப் பயப்படுதீங்க. வச்சிருக்கதுக்குல்லா பயப்படணும்?"

கண் இரண்டு முறை இமைத்தது.

"பிடுங்குங்கள்!" என்று கத்தியது கண். "இப்போதே பிடுங்குங்கள்! இதை ஏன் இத்தனை நாள் வைத்திருந்தீர்கள்?"

"வெட்கமாக இல்லையா உனக்கு?" என்றது காது.

"எனக்கும் ஆபத்து என்றுதானே சொன்னாள்?" என்று மூளை மெதுவாகக் கேட்டது.

சண்முகக்கனி இன்னொன்று கேட்டாள். "அப்ப தலவலி, கிறுகிறுப்பு எல்லாம் இந்தப் பல்லாலதானா?"

"எல்லாமே இதுனாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேம்மா. தலைவலிக்கு வாசல் ஒண்ணு ரெண்டா? இது ஒரு வாசலா இருக்கலாம். மொதல்ல இத அடைப்போம். அப்புறமும் கிறுகிறுத்தா காது டாக்டரையும் நரம்பு டாக்டரையும் கண்டிப்பா பாருங்க. அதுவரைக்கும் உயரத்துல ஏறக் கூடாது. கேட்டீங்களா அண்ணாச்சி?"

உச்சிமாகாளி கேட்டுக்கொண்டான். வேறு வழியில்லை.

அன்றைக்குத் தளவாய் பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்து கிரீடத்தைக் கட்டினான். கிரீடம் கொஞ்சம் கோணல். உச்சிமாகாளி கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கீழே நின்று, இன்னும் இடது பக்கம், இன்னும் இடது பக்கம் என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

மருந்தும் ஒத்தடமுமாகச் சில நாட்கள் போயின. தாடை கொஞ்சங்கொஞ்சமாக இறங்கிக்கொடுத்தது. பல்லை எடுக்கும் நாள் வந்தது. ஊசி போட்டதும் தூதன் மேல்தாடைத் தெருவிலேயே படுத்துத் தூங்கிப்போனான். பல்லும் தாடையும் கடைசியாகப் பேசிக்கொண்டன.

"அண்ணே, நான் ஒதுங்கியது தப்பு" என்றது தாடை. "முதல் நாளே ஓங்கிச் சொல்லியிருந்தால் நீ பிழைத்திருப்பாய்."

"நானும்தான் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொன்னேன்" என்றது பல். "அழாதே. என் இடத்தைக் காலியாகப் போட்டுவைக்காதே. பக்கத்தில் இருப்பவர்கள் சாய்ந்துவிடுவார்கள். இன்னொன்று. வயசாகிப் பல் விழுந்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. நான் உதிரவில்லை. வயர் கடித்து உடைந்தேன்."

கண் இறுக மூடிக்கொண்டது. ஒரு அசைப்பு. இன்னொரு அசைப்பு. பல் வெளியே வந்துவிட்டது.

கண் மெதுவாகத் திறந்தது. எதிரே சுவரில் ஒரு காலண்டர் தெரிந்தது. அதிலிருந்த எழுத்தெல்லாம் தெரிந்தது.

ஒதுங்கியே பழகிய தாடைக்கு நேராக ஏறுவது எளிதாக இல்லை. டாக்டர் சொன்னபடி உச்சிமாகாளி தினமும் கண்ணாடி முன்னால் நின்று வாயை மெல்லத் திறந்து மூடிப் பழகினான். சண்முகக்கனி பின்னால் நின்று, "கோணுது, கோணுது" என்பாள். அவன் முறைப்பான். காலியான இடத்தில் ஒரு செயற்கைப் பல் வந்து உட்கார்ந்தது. கன்னம் விட்டது. நெற்றி விட்டது. கழுத்து ஒரு நாள் காலையில் இடது பக்கம் திரும்பிப் பார்த்துத் தானே ஆச்சரியப்பட்டது. மண்டபமும் பூமியும் சாய்வதை நிறுத்தின. காதுக்குள் விசில் மட்டும் முழுவதும் அடங்கவில்லை. எப்போதாவது மெல்லிதாக ஊதும். அதற்குக் காது டாக்டரிடமும் போய்வந்தார்கள்.

எல்லாம் ஓரளவு அடங்கியபிறகு மூளை சபையைக் கூட்டியது. இந்த முறை தாடையையும் கூப்பிட்டது.

"நம் வீடு பெரிய ஆபத்திலிருந்து தப்பியது" என்று மூளை தொடங்கியது. "தக்க சமயத்தில் நான் எடுத்த முடிவினால்..."

காது இருமியது.

மூளை பேச்சை மாற்றியது. "தாடையே, நீ செய்ததில் ஒரு நன்மை இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. உத்தரவை மீறினாய். வீட்டின் வாசலையே பூட்டினாய். சோறு இறங்கவில்லை, பேச்சு எழவில்லை, ஊர் பார்க்க மானம் போனது. சபையில் மன்னிப்புக் கேள். இதை இத்தோடு விட்டுவிடலாம்."

எல்லோரும் கீழே பார்த்தார்கள். தாடை தன் இரண்டு கீல்களில் நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கேட்கமாட்டேன்" என்றது.

"கேட்கமாட்டாயா?"

"காது கத்தியது. எண்ணெய் ஊற்றினீர்கள். கழுத்து இறுகியது. தைலம் தேய்த்தீர்கள். கால்கள் விழுவோம் என்றன. ஏறு என்றீர்கள். நான் வாய்விட்டுச் சொன்னேன். சிரித்தீர்கள். வாயை மூடியபிறகுதான் உங்களுக்குக் கேட்டது. இதில் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான் இல்லை."

மூளை குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது. மிரட்டுவதுபோலத் தொடங்கிய கேள்வி, முடியும்போது பயந்ததுபோல இருந்தது.

"இன்னொரு தடவையும் இப்படிப் பூட்டுவாயா?"

"இன்னொரு தடவை கேட்காமல் இருந்து பாருங்கள்" என்றது தாடை.